எண்ணெய்க் கிண்ணத்தில் ஓர் எழுத்துப்பிழை

தம்பி, அந்தத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நடத்துநரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார். ஏறும்போதே எங்களுக்குள் சரியில்லாமல் போய்விட்டது. பயணச்சீட்டில் 'திருச்செந்துர்' என்று குறிலாக அச்சடித்திருக்கிறது. நெடில் வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். "பெரியவரே, குறில்ல போனாலும் நெடில்ல போனாலும் ஒன்னேகால் மணி நேரந்தான். உள்ள போயி உக்காருங்க" என்றார். நகைச்சுவையாம்.

பாருங்கள், ஓடுகிற பேருந்துக்குள்ளும் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி. அந்த நடிகை ஒரு கம்பி மத்தாப்பைக் கொளுத்திக்கொண்டு, தான் நடித்த படத்தைப் பற்றிப் பேசுகிறார். மத்தாப்பு அணைந்துவிட்டது. பேச்சு அணையவில்லை. அணைந்த கம்பியை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார் பாருங்கள்.

தீபாவளியன்று மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு மனிதன் எதற்காகத் திருச்செந்தூர்ப் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்தவர். உங்களுக்கு ஆழ்வார்திருநகரியில் மின்வாரியப் பணி, சட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. மடியில் தூக்குச்சட்டியும் இருக்கிறது. எனக்குப் பணியும் இல்லை, தூக்குச்சட்டியும் இல்லை. எனக்குத் திருச்செந்தூரில் ஒரு வேலையும் இல்லை. முதலில் வந்த பேருந்தில் ஏறினேன், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள். நான் கோபிக்கிற ஆள் இல்லை. பிழை என்றால் பிழை என்று சொல்லுவேன். அது கோபம் ஆகாது.

என் பெயர் ஆறுமுகநயினார். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். மற்றவர்கள் எழுதியதில் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, கருத்துப்பிழை எல்லாவற்றையும் பார்த்துச் சிவப்பு மையில் குறிப்பது. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. கைக்குத்தான் ஓய்வு, கண்ணுக்கும் காதுக்கும் இல்லை. இப்படி எழுதுகிற மாதிரி பேசுகிறேனே என்று உங்களுக்குத் தோன்றலாம். இதுதான் தமிழ். மற்றவர்கள் பேசுவதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு முறை உண்டு. விடிவதற்குள் எண்ணெய்க் குளியல் முடிந்துவிடும். பதினொரு மணிக்குச் சொதி அடுப்பில் ஏறும். உங்களுக்கு நம் ஊர்ச் சொதி தெரியும். தேங்காய்ப் பாலை மூன்றாம் பால், இரண்டாம் பால், முதல் பால் என்று அவசரப்படாமல் ஊற்ற வேண்டும். அது தயாராகி, இஞ்சிப் பச்சடி இறங்கி, உருளைக்கிழங்குக் காரக்கறி வதங்கி, இலை போட மணி ஒன்றாகிவிடும். இந்த இரண்டு மணி நேரமும் மற்ற வீடுகளில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பார்கள். இன்று ஓடுவதையும் அல்ல. என்றோ ஒரு தீபாவளிக்கு ஓடியதைத் தேடிப் பிடித்து, ஆளுக்கொன்றாக, வருடா வருடம் அதையே பார்ப்பார்கள்.

முதலாவது என் மருமகள் அபிநயாவின் தேர்வு. 'நெஞ்சில் ஒரு நாத்தனார்' என்ற தொடரின் தீபாவளிப் பகுதி. பகுதி என்று ஒருமையில் சொல்கிறேன், மொத்தம் பதினேழு. திங்கட்கிழமை கதாநாயகியின் தலையில் மாமியார் எண்ணெய் வைக்கிறார். எண்ணெயில் நாத்தனார் எதையோ கலந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். மாமியார் முகம், இடி. நாத்தனார் முகம், இடி. சமையற்காரர் முகம், அவருக்கும் ஓர் இடி. கதாநாயகி சீயக்காய் தேய்ப்பது அடுத்த வாரம்தான். ஒரே விடியற்காலை மூன்றரை வாரமாக விடியாமல் கிடக்கிறது. நரகாசுரனை உட்கார வைத்து இதைக் காட்டியிருந்தால் யாரும் அவனைக் கொல்ல வேண்டியிருந்திருக்காது. பதினேழையும் வெட்டி ஒட்டி நாற்பது நிமிடமாக யாரோ சுருக்கியிருக்கிறார்கள். அதுதான் ஓடும்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "எண்ணெய் வைத்த தலையோடு பதினேழு பகுதி உட்கார்ந்திருந்தவளுக்கு ஏன் சளி பிடிக்கவில்லை?"

"மாமா, அந்த அக்கா அழுகுறத பாருங்க, தலைய பாக்காதீங்க" என்பாள் அபிநயா.

"ப்பா, போன வருசமும் இதத்தான் கேட்டீங்க" என்பான் என் மகன் தில்லைநாதன்.

பதில் வந்தால் நான் ஏன் மறுபடி கேட்கப்போகிறேன்?

இரண்டாவது என் மைத்துனர் கோமதிநாயகத்தின் தேர்வு. பட்டிமன்றம். தீபாவளிக்குச் சுவை கூட்டுவது அதிரசமா, முறுக்கா? பேசியவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே தங்கள் மனைவியைப் பற்றித்தான் பேசினார்கள். நடுவர் முக்கால் மணி நேரம் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, அன்போடு செய்தால் எல்லாமே சுவைதான் என்று தீர்ப்புச் சொன்னார். இதற்கு எதற்கு ஒரு மேடை, ஒரு பொன்னாடை? அதைவிட, நடுவில் கூட்டத்தைக் காட்டுவார்கள். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அதே அம்மாள் அதே சேலையில் அதே சிரிப்பைப் பொங்கல் பட்டிமன்றத்திலும் சிரித்ததை நான் கண்டுபிடித்தேன். வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு நிரூபித்தேன்.

"அத்தான், அந்தம்மா சந்தோசமா சிரிச்சிட்டுப் போட்டும். உங்களுக்கு என்ன கேடு?" என்றார் கோமதிநாயகம். நன்றி என்ற சொல்லே அந்தக் குடும்பத்தில் கிடையாது.

மூன்றாவதுதான் விஷயம். இலை போடுவதற்குச் சற்று முன்னால், கடைசியாக, எப்போதும் அதுதான். 'எண்ணெய்க் கிண்ணம்' என்று ஒரு நாடகம். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் தீபாவளியன்று ஒரே ஒரு பகுதியாக ஒளிபரப்பானது. தலைப்பில் 'எண்ணெய் கிண்ணம்' என்று வல்லின ஒற்று இல்லாமல் போட்டிருந்தார்கள், அதை விடுங்கள். பட்டாளத்துக்குப் போன மகன் தீபாவளிக்கு வருவான் என்று ஒரு தாய் எண்ணெயை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. வந்துவிடுவான் என்று முதல் நிமிடத்திலேயே தெரியும், இசைக்காரர் சொல்லிவிடுகிறார்.

அதைப் படம் பிடித்தது எங்கள் தெருவில். எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைத்தான் இரவல் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரியாக வந்து இலை போட வேண்டிய நடிகைக்குப் பயணத்தில் வாந்தி. பாத்திரம் கொடுக்கப் போன என் மனைவியைப் பார்த்து, "நீங்களே போடுங்கம்மா" என்றிருக்கிறார் இயக்குநர். இவளும் போட்டுவிட்டாள். நான் அச்சகத்தில் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

என் மனைவியின் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். இரண்டு ழகரம் இருக்கிறது, கவனித்தீர்களா? பெண் பார்க்கப் போன அன்று, "பெயர் என்ன?" என்று கேட்டேன். "கொளவாமொளி" என்றாள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். அதற்குள் கேசரி வந்துவிட்டது.

நாடகத்தில் அவள் வருவது பதினொரு விநாடி. நான் எண்ணியிருக்கிறேன். இடது கை மேல் இலைகளை அடுக்கிக்கொண்டு வருவாள். குனிந்து ஒவ்வொன்றாகப் போடுவாள். நிமிர்ந்து அந்தத் தாயைப் பார்த்து, "வாளை இலை போட்டாச்சு. இன்னும் ஒரு ஆளு வரும். கூட ஒரு இலை போடுதேன்" என்பாள். வாளை! வாளை என்பது மீன், தம்பி. மீனுக்கு ஏது இலை? அந்தப் பதினொரு விநாடியில் 'ஒரு ஆளு', 'ஒரு இலை' என்று இன்னும் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 'ஓர் ஆள்', 'ஓர் இலை' என்று இருக்க வேண்டும். 'கூட ஒரு இலை' என்ற வாக்கியம் எழுதிக் கொடுத்த வசனத்திலேயே இல்லையாம், இவளாகச் சொன்னதாம். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே இருக்கட்டும் என்று சொன்னாராம். கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

ஒளிபரப்பான அன்று தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு கூசியது. பாளையங்கோட்டையில் மெய்ப்புப் பார்க்கிறவனின் மனைவி, தமிழ்நாடு முழுவதும் கேட்க, வாளை இலை!

மறுநாளே நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் காலத்தில் நேயர் கடிதங்களைப் படிப்பதற்கென்றே 'உங்கள் மடல்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் என் கடிதத்தைப் படித்தார்களாம். அன்று எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை. உங்களைச் சொல்லவில்லை, அப்போது நீங்கள் பிறந்தே இருக்க மாட்டீர்கள். அச்சகத்துக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டில் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. என் மனைவி என்று கடிதத்தில் எழுதினேனா? இல்லை. அவள் பெயரை எழுதினேனா? அதுவும் இல்லை. என்னைப் பெற்றவரே எழுதியிருந்தாலும் பிழையைச் சுழித்திருப்பேன். அதற்குப் பெயர் நடுநிலை.

அந்த இயக்குநர் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "பொங்கல் நாடகத்துக்கும் உங்களத்தான் கூப்பிடுவோம்மா, லெட்டர் வரும்" என்று. இவள் அதை நம்பிவிட்டாள். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பாள். ஏன் நிற்கிறாய் என்றால், வெயில் காய்கிறேன் என்பாள். மார்கழி முழுக்கத் தினமும் பதினொன்றரை மணிக்கு வெயில் காய்ந்தாள். பொங்கலுக்குப் புதுச் சேலை எடுக்கும்போது, "பெட்டியில பளிச்சின்னு தெரியுத கலரா எடுப்போமா, அத்தான்?" என்று கேட்டாள். பெட்டி என்றால் தொலைக்காட்சிப் பெட்டி. எவ்வளவு அசட்டுத்தனம் பாருங்கள். கடிதம் வரவில்லை. தை பிறந்ததும் வெயில் காய்வதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. முப்பத்துமூன்று வருடம்! மறந்துவிட்டாள் என்றுதானே நினைக்க வேண்டும்?

ஆனால் பிள்ளைகள் விடவில்லை. எதிர் வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாவை வாங்கி, அது பூஞ்சை பிடித்ததும் குறுந்தகட்டில் ஏற்றி, வருடா வருடம் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவின் பதினொரு விநாடி. இலை வரும்போது எல்லோரும் சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்வார்கள். வாளையோடுதான். வேண்டுமென்றேதான். நான் ஒவ்வொரு வருடமும் தனியாக, "வாழை" என்பேன். இவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்ப்பாள். பதினொரு விநாடி முடிந்ததும் உள்ளே போய்விடுவாள். பட்டாளத்து மகன் வந்தானா என்றுகூடப் பார்க்க மாட்டாள்.

இந்த வருடம் என்ன ஆயிற்று என்றால், அந்த நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாரோ ஒருவர் தன்னிடமிருந்த பழைய பதிவுகளை எல்லாம் இணையத்தில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறார். அதில் 'எண்ணெய்க் கிண்ணம்' வந்துவிட்டது. பார்த்தவர்கள் கீழே எழுதியிருக்கிறார்கள், 'அந்த இலை போடும் அக்கா யார்?' என்று. ஒருவரா இருவரா, நானூறு பேர். நானூறு பேரும் 'கண் கலங்கிவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். அதில் முந்நூறு பேர் 'களங்கி' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டில் யாருக்கு எதைச் சொல்வது?

'எங்கள் அம்மாதான்' என்று என் மகள் லோசனி அங்கே பதில் எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு தொடர்க்காரர் அவளுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பொங்கல் சிறப்புப் பகுதியில் கதாநாயகியின் பெரியம்மாவாக வர வேண்டுமாம். மூன்று நாள் படப்பிடிப்பு, சனிக்கிழமை ஆரம்பம். தீபாவளியன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மனைவி என்ன சொல்லியிருக்கிறாள் என்றால், "அத்தான்ட்ட கேட்டுச் சொல்லுதேன்." முறையான பதில். சாப்பாடு முடிந்ததும் என்னிடம் கேட்பதாக இருந்தாள். லோசனி காலையிலேயே என் காதில் போட்டுவிட்டாள்.

"ப்பா, அம்மா கேப்பா. சரின்னு ஒரு வார்த்த மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் சொல்லாதீங்க."

"வசனத்தை முதலில் நான் பார்க்க வேண்டும்" என்றேன்.

"பாத்தீங்களா, இதான் அந்த வேற ஒன்னு" என்றாள்.

நான் மறுப்பதாக இல்லை, தம்பி. சத்தியமாக இல்லை. ழகரம் வராத பெரியம்மா எந்த ஊர்ப் பெரியம்மா என்று கேட்டிருப்பேன். கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருப்பேன். அநேகமாக.

மணி பன்னிரண்டரை. நாத்தனார் முடிந்தது, அதிரசம் முடிந்தது. நாங்கள் ஒன்பது பேர் கூடத்தில் இருந்தோம். நான், மகன், மருமகள், அவர்களுடைய சின்னப் பெண், மகள், மாப்பிள்ளை, கோமதிநாயகம், அவர் மனைவி, வாசலில் கரண்டியோடு இவள். புதிய பதிவில் 'எண்ணெய்க் கிண்ணம்'. படம் பளிச்சென்று இருந்தது. சேலையின் கரை வரைக்கும் தெரிந்தது. பதினொரு விநாடி வந்தது. எல்லோரும் சேர்ந்து வாளை என்றார்கள், நான் வாழை என்றேன். வழக்கம்போல அவள் உள்ளே போயிருக்க வேண்டும். இந்த முறை போகவில்லை. படம் நன்றாக இருந்ததால் நின்றுவிட்டாள். பட்டாளத்து மகன் வந்தான், உட்கார்ந்தான், அந்தக் கூடுதல் இலையில் சாப்பிட்டான். சுபம்.

எங்களிடமிருந்த நாடா அங்கே முடிந்துவிடும். இது முடியவில்லை. ஏற்றிய புண்ணியவான் அடுத்த வாரத்து 'உங்கள் மடல்' நிகழ்ச்சியையும் அதோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார். தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண் வந்து உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தார்.

"பாளையங்கோட்டையிலிருந்து நேயர் வீ. ஆறுமுகநயினார் எழுதியிருக்கிறார்..."

தம்பி, அந்த ஒரு நொடியில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? முப்பத்துமூன்று வருடமாக நான் கேட்காத என் கடிதம்! "நான்தான்! சத்தத்தைக் கூட்டு!" என்றேன். மாப்பிள்ளை, நல்ல பையன், கூட்டிவிட்டார்.

எனக்கு இன்னும் மனப்பாடம். அந்த அம்மாளும் அழகாகத்தான் படித்தார். 'தீபாவளி நாடகத்தில் இலை போடும் பெண்மணி, வாழை என்னும் சொல்லை வாளை என ஒலித்தார். வாளை மீன் வகையைச் சேர்ந்தது. நன்னாளில் ஒரு சைவ இல்லத்துக்குள் மீன் இலை புகுந்தது வருத்தத்திற்குரியது. நாவில் தமிழ் வராத இத்தகையோரை இனியேனும் பேசும் வேடங்களில் தவிர்ப்பது மொழிக்கு நலம் பயக்கும்.' எங்கும் ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 'இனியேனும்' என்ற இடத்தில் அவர் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தார். நன்றாக இருந்தது.

கடிதத்தை மடித்துவிட்டு அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நேயர் அவர்களே, தங்கள் கருத்தை ஏற்கிறோம். அந்தப் பெண்மணி இனி நம் நாடகங்களில் இடம்பெற மாட்டார்."

லோசனி எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தாள். கோமதிநாயகம் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் சொதி கொதிக்கிற சத்தம் கேட்டது. சொதி கொதிக்கக் கூடாது, திரிந்துவிடும். நான் அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

அவள்தான் முதலில் பேசினாள். சத்தமே இல்லை குரலில். "இது எப்ப எழுதுனது, அத்தான்?"

"மறுநாளே" என்றேன். உண்மைதானே?

"அந்தப் பொங்கலுக்கு அவுக கூப்பிடாம போனது இதுனாலயா?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை வைத்துத்தான் எல்லோரும் என்னைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். ஒரு பழக்கம், தம்பி. முப்பத்தாறு வருடத்துப் பழக்கம். வாயில் தானாக வருகிறது. 'இதுனால' என்று ஒரு சொல் தமிழில் கிடையாது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"இதனால்."

அவ்வளவுதான். திருத்தினேன். திருத்தம் மட்டும்தான். அவள் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, ப்பா" என்றான் தில்லை. கோமதிநாயகத்தின் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லது, அதில் நாலு பிழை இருக்கும், பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். அவள் சமையலறைக்குள் போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அங்கிருந்து குரல் கொடுத்தாள்:

"லோசனி, வாழை இலை எட்டு எடு."

வாழை! தம்பி, வாழை! நாக்கு மடிந்து, மேலே போய், தொடாமல் திரும்பி வருகிறது பாருங்கள், அந்த ழகரம். நான் எத்தனை ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன், எல்லோரும் கவனித்தார்களா என்று. "கேட்டீர்களா? கேட்டீர்களா?" என்றேன். முப்பத்துமூன்று வருடமாகச் சொல்லத் தெரிந்துகொண்டேதான் சொல்லாமல் இருந்திருக்கிறாளா, இல்லை அந்த நிமிடத்தில்தான் வந்ததா, அது தெரியவில்லை. எட்டு என்ற எண்ணை நான் கவனிக்கவில்லை. எழுத்தைக் கவனிக்கிறவன் எண்ணைக் கவனிப்பதில்லை, இது எங்கள் தொழிலில் உள்ள குறை.

இலை போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவளும் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள், இன்றைக்கு நடுவில், கோமதிநாயகத்துக்குப் பக்கத்தில், முதல் ஆளாக உட்கார்ந்தாள். நான் கை கழுவிவிட்டு வந்து நின்றேன். எட்டு இலை. எட்டுப் பேர். எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணிப் பார்த்தேன்.

"அத்தானுக்கு..." என்று ஆரம்பித்தார் கோமதிநாயகம்.

"சாப்பிடு தம்பி, ஆறுது" என்றாள் அவள்.

மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தார். லோசனி அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினாள், நான் பார்த்தேன். சின்னப் பெண் மட்டும், "தாத்தா நிக்காவ" என்றது. 'நிற்கிறார்கள்' என்று திருத்த வாயெடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். நிதானமாகத்தான் போட்டேன். கூப்பிட வேண்டிய ஆட்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும் அல்லவா? வாரைக்கூட இரண்டு முறை கழற்றி மாட்டினேன். பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

வேண்டாம் தம்பி, தூக்குச்சட்டியைத் திறக்காதீர்கள். அது உங்களுக்கு. ஒரு வடையா? சரி, ஒரு வடை. உங்கள் வீட்டில் செய்ததா? மிளகைப் பொடிக்காமல் போட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். என்னிடம் கேட்க வந்தவள் கேட்கவே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானிடம் கேட்கிறேன் என்றவளுக்கு அத்தானே இல்லாமல் சாப்பாடு முடிந்துவிட்டது. சாயங்காலம் அவள் அந்தத் தொடர்க்காரரிடம் என்ன சொல்லப்போகிறாள்? முடியாது என்றுதான் சொல்லுவாள். தனியாக அவள் எங்கேயும் போனவள் இல்லை. சென்னைக்குப் போவதா? தென்காசிக்குக்கூட நான் இல்லாமல் போனதில்லை. அவளால் ஒரு முடிவு...

ஒரு நிமிடம். தொலைபேசி. லோசனிதான். நான் சொன்னேனே, கூப்பிடுவார்கள் என்று. மணி இரண்டு, சொதி மிச்சம் இருக்கும். நீங்களும் கேட்கலாம், ஒலிபெருக்கியில் போடுகிறேன், என் வலது காது அவ்வளவு சரியில்லை.

"ப்பா, எங்க இருக்கீங்க?"

"கருங்குளம் தாண்டி. நான் சாப்பிடவில்லை என்று கவலைப்பட வேண்டாம்."

"அது சரி. பரண் மேல இருக்குல்லா பச்சை சூட்கேசு, அதுக்குள்ள இருக்க பேப்பர் கட்டெல்லாம் உங்களுக்கு வேணுமா?"

"அவை என் கடித நகல்கள்! நாற்பது வருடம்! தேதிவாரியாக அடுக்கியிருக்கிறேன். எதற்குத் தொடுகிறாய்?"

"நான் தொடல. அம்மா எடுத்து வெளிய வச்சுட்டா. சேல அடுக்கிட்டு இருக்கா. நாளைக்கே கெளம்புதா, நான் கூடப் போறேன். அவுகட்ட பேசியாச்சு, சரின்னு சொல்லியாச்சு."

"யார் பேசியது?"

"அம்மாதான். அவளே பேசுனா."

"...என்னிடம் கேட்பதாக இருந்தாளே?"

"அப்பா, நான் வைக்கேன். அந்த சூட்கேசு மூட மாட்டேங்கு, ரெண்டு பேரும் ஏறி உக்காந்து பாக்கோம்."

வைத்துவிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. கேட்டீர்கள் அல்லவா? நீங்களே சாட்சி.

நடத்துநரே, இங்கே நிறுத்துங்கள். ஆமாம், இங்கேதான். செந்தூருக்குச் சீட்டு எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். திரும்பிப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு? மூன்றரையா? இன்று குறைவா? பரவாயில்லை, எதிரில் வருகிற எந்த வண்டியையாவது நிறுத்திக்கொள்கிறேன்.

தவறாக நினைக்காதீர்கள், தம்பி. அவளைத் தடுக்கப் போகவில்லை. போகாதே என்று சொல்லவும் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றும் நினைத்துவிடாதீர்கள், எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் அந்தப் பச்சைப் பெட்டி எங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது. மேலே ஏறி உட்கார்ந்தால் மூடாது. இடது பக்கத் தாழ்ப்பாளின் மேல் முழங்காலை வைத்து, வலது பக்க மூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே அழுத்த வேண்டும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.